ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கர்: ஒல்லாந்துக்கு ஒரு சட்டம், யாழ்ப்பாணத்துக்கு ஒரு சட்டமா?

கரையோரன் (கேள்வி)

எங்கட பங்கின் ஆண்டுமலருக்கு ஒல்லாந்தர் காலம் பற்றி ஒரு கட்டுரை தயாராகுது. ஒல்லாந்து நாட்டில கத்தோலிக்கர் வீட்டுக்குள்ள மறைவாகக் கோயில் வைத்திருந்ததை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று வாசிக்கிறோம். அதே ஒல்லாந்தர் 1658இல யாழ்ப்பாணத்தில கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டவர்கள். ஏன் இந்த வித்தியாசம்? அடுத்தது, குருவே இல்லாத காலத்தில ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் எப்படி நடந்தது? ‘மறைவாக விசுவாசத்தைக் காத்தனர்’ என்ற ஒரு வரியோட எல்லா மலரும் முடிச்சுவிடுது. நடைமுறை தெரிஞ்சவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

பழஞ்சுவடி

முதலில் ஒல்லாந்து. அங்கேயும் சட்டப்படி பூசை தடைதான். ஒல்லாந்து மாகாணத்தில் 1573இலேயே பகிரங்கப் பூசையை நிறுத்திவிட்டார்கள். அம்ஸ்ரர்டாம் நகரசபை 1578 மே 26இல் புரட்டஸ்தாந்தர் கைக்கு மாறியதும் அங்கேயும் அதே கதி. 1579 யூட்ரெக்ட் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, சமயத்துக்காக ஒருவரையும் விசாரிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்றது. அதற்கு மேல் ஒன்றும் தரவில்லை. மனதுக்குள் எதையும் நம்பலாம், ஊரறியக் கும்பிட முடியாது, அரசாங்க உத்தியோகமும் கிடைக்காது.

சட்டத்துக்கும் நடப்புக்கும் இடையில் நின்றது காசு. ஊரின் சட்ட அதிகாரிக்கு ‘ஸ்கௌட்’ என்று பெயர். கத்தோலிக்கர் அவருக்கு ஒழுங்காக ஒரு தொகை கட்டுவார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். எழுதாத ஒப்பந்தம் என்பதால் அதில் உறுதி இல்லை. புது அதிகாரி வந்தால் முதலில் இருந்து பேரம் பேச வேண்டும். பேச்சு முறிந்தால் பூசை நடுவிலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள், பீடத்துச் சாமான் பறிபோகும்.

மறைவுக் கோயிலின் அமைப்பைத் தெரிந்துகொள்ள இன்றும் அம்ஸ்ரர்டாமில் அருங்காட்சியகமாக இருக்கும் வீட்டைப் பார்த்தால் போதும். யான் ஹார்ட்மன் என்ற வணிகர் 1661இல் வாங்கி 1663இல் வேலையை முடித்தார். முன்னால் ஒரு பெரிய வீடு, பின்னால் இரண்டு சின்ன வீடுகள். மூன்றின் மேல்மாடிகளையும் ஒன்றாக்கி, நடுத்தளத்தை வெட்டித் திறந்து, சுற்றிவர மாடம் விட்டிருக்கிறார்கள். வெட்டிய தளம் தொய்யாமல் இரும்புக் கம்பிகள் பிடித்து நிற்கின்றன. பிரசங்க மேடை பீடத்தின் அடித்தூணுக்குள் மடிந்து கிடக்கும், வேண்டியபோது வெளியே இழுத்துக்கொள்ளலாம். வெளியே மணியும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆட்கள் பக்கத்து ஒழுங்கையால் உள்ளே போவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது அயலுக்கும் அதிகாரிக்கும் நன்றாகத் தெரியும். தெருவில் நிற்பவன் கண்ணில் படக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மலரில் இதை ‘இரகசியக் கோயில்’ என்று எழுதிவிடாதீர்கள்.

பெண்களையும் விட்டுவிடாதீர்கள். மடங்கள் மூடப்பட்ட பிறகு, வீட்டில் இருந்தபடியே கற்பு வார்த்தைப்பாடு எடுத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், பீடத் துணி, பாட்டு, பூசை எங்கே எப்போது என்று வீடு வீடாகச் சொல்லுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. இவர்களைப் பற்றிப் புரட்டஸ்தாந்துப் பாதிரிமார் சபைகள் ஓயாமல் முறையிட்டதிலிருந்தே இவர்கள் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பது விளங்கும்.

வலிகாமத்தார்

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே ஆண்டது ஒல்லாந்து அரசு அல்ல, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. யூட்ரெக்ட் உடன்படிக்கை மாகாணங்கள் தங்களுக்குள் செய்துகொண்டது, கடல் கடந்த இடங்களில் கம்பனியின் கையைக் கட்டவில்லை. அதைவிடப் பெரிய காரணம் பயம். 1658 யூனில் போர்த்துக்கேயரின் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பிடிக்க ஒரு சதி நடந்து பிடிபட்டது. அதன் பிறகு கத்தோலிக்கக் குரு என்றால் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்றுதான் கம்பனி பார்த்தது. அந்தக் கட்டளையை இந்தப் பின்னணியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

இங்கே காசு கொடுத்துத் தப்ப முடியாமல் போனதற்குக் காரணம் பதிவேடு. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று போர்த்துக்கேயர் கட்டிய கோயில்களை எல்லாம் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்துச் சபையான சீர்திருத்தச் சபை எடுத்து, கோயிலோடு பள்ளிக்கூடமும் நடத்தியது. உபாத்தியாயரின் கையில் பள்ளித் தோம்பு. குடும்பத்தில் யார் யார், வயது, ஞானஸ்நானம், விவாகம், பிள்ளை பள்ளிக்கு வருகுதா இல்லையா என்று எல்லாம் அதில் ஏறும். வராவிட்டால் குற்றப்பணம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707இல் எழுத்தில் வந்ததும் இதே ஆட்சியில்தான். முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (விவாகத்தின்பின் தேடிய சொத்து) என்று வழக்குப் போனால் முறையாகப் பிறந்த பிள்ளை என்று காட்டவேண்டும், அதற்குச் சான்று தோம்பு. ஆகவே கத்தோலிக்கன் பதிவுக்குப் போகாமல் இருந்தால் காணி போய்விடும்.

ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1663இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் 62,558 கிறிஸ்தவர் என்று கணக்குக் காட்டினார். அது தோம்பில் ஏறிய பெயர்களின் தொகை. அதற்குள் கத்தோலிக்கரும் இருந்தார்கள், வீட்டில் திருநீறு பூசிய சைவரும் இருந்தார்கள். பாதிரிமார் சிலர்தான், அவர்களிலும் தமிழ் படித்தவர் குறைவு. உபாத்தியாயரோ அந்த ஊர்க்காரர். கண்காணிப்பு அவரில் தங்கியிருந்ததால் அது அந்த இடத்திலேயே ஓட்டையாகியது.

கோவாவில் இருந்து கத்தோலிக்கக் குருவான யோசவ் வாஸ் அடிகள் 1687இல் வந்ததும் இதே ஓட்டைக்குள்ளால்தான். நிறத்தில் எங்கட ஆட்களைப் போல இருந்தவர், கூலியாள் உடுப்பில் கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டார். செபமாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்க வீடுகளைக் கண்டுபிடித்தார். பிறகு கோட்டையில் இருந்து தள்ளியிருந்த சில்லாலையில் தங்கி, இரவில் ஊர் ஊராகப் போனார். 1689 நத்தார் இரவில் கம்பனிப் படை கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்தது. அதன் பின் அவர் புத்தளம் பக்கம் போய் 1692இல் கண்டியை அடைந்தார். மாந்தையில் இருந்து மாதா சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோன மடு மாதா கோயிலின் மரபும் 1670 அளவில் என்றே சொல்லப்படுகிறது. வன்னிக் காடும் கண்டி இராச்சியமும் கம்பனியின் கைக்கு எட்டாத இடங்கள்.

கரையோரன்

மிக்க நன்றி அண்ணை. அப்ப, சீர்திருத்தச் சபைப் பாதிரி கொடுத்த ஞானஸ்நானமும் கலியாணமும் கத்தோலிக்க முறைப்படி செல்லுமா? குரு வந்தபின் திரும்பச் செய்தார்களா?

உபதேசியார் பேரன்

ஞானஸ்நானம் செல்லும். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், ஊற்றுகிற அதே ஆள் ‘பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து’ நாமத்தைச் சொல்ல வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கொடுத்தவர் யார் என்று பார்ப்பதில்லை. ஆகவே ஆபத்து வேளையில் மூப்பரும் (ஊர்க் கத்தோலிக்கரின் தலைவர்) மருத்துவிச்சியும்கூடக் கொடுக்கலாம். பிழைப்பது எங்கே என்றால், ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்லுவது, அல்லது நிற்கிற கூட்டத்தின் மேல் தெளிக்கும்போது ஒரு பிள்ளையில் தண்ணீர் படாமலே போவது. அப்படிச் சந்தேகம் வந்தால் ‘நீ முன்னர் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு குரு திரும்பக் கொடுப்பார். சந்தேகம் இல்லாவிட்டால் தைலம் பூசும் சடங்குகளை மட்டும் நிறைவாக்குவார்.

கலியாணம் சிக்கலானது. கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரிதெந்து சங்கம் 1563இல், பங்குக் குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னால் நிற்காவிட்டால் விவாகம் செல்லாது என்று விதித்தது. குருவை அடையவே முடியாத இடத்தில் சாட்சிகள் முன் சம்மதம் சொன்னால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது. ஒல்லாந்து மாகாணத்தில் கத்தோலிக்கச் சோடி நகரசபை அதிகாரிகள் முன் பதிந்துவிட்டுக் குருவிடம் போகலாம், மனச்சாட்சிக்குக் குத்தல் இல்லை. யாழ்ப்பாணத்தில் சீர்திருத்தச் சபையில் ஓலை (விவாக அறிவித்தல்) வாசித்துக் கட்டினால்தான் தோம்பில் ஏறும். அதனால் அங்கே ஒருமுறை கட்டுவார்கள், குரு வந்த இரவில் அவர் முன் சம்மதத்தைத் திரும்பச் சொல்லுவார்கள். பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் 1741இல் ஒல்லாந்துக்குக் கொடுத்த விலக்கு புரட்டஸ்தாந்தரின் விவாகங்களுக்கும் கலப்பு விவாகங்களுக்கும் உரியது. இரு பக்கமும் கத்தோலிக்கர் என்றால் பழைய விதிதான்.

அடக்கத்துக்கு ஒல்லாந்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கல்லறை நிலம் மற்றச் சபையின் கையில். ஆகவே குரு வீட்டிலேயே செபங்களை முடித்து, மந்திரித்த மண் ஒரு பிடியைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். பிறகு எங்கே புதைத்தாலும் உடலோடு மந்திரித்த மண் இருக்கும்.

அந்தக் காலத்து விதிகளின்படி பூசைதான் எல்லாவற்றிலும் கடினம். மேற்றிராணியார் அபிஷேகம் செய்த பீடக்கல் வேண்டும், உடைந்தால் அது செல்லாது. அப்பத்துக்குக் கோதுமை மா மட்டும், எங்கட அரிசி மாவோ குரக்கன் மாவோ ஆகாது. மாரிகாலத்தில் அப்பம் பூஞ்சணம் பிடிக்கும். திராட்சை இரசம் வெயிலில் புளித்துக் காடியாகிவிட்டால் பூசையே செல்லாது. இரண்டும் கடல் கடந்து மறைவாக வரவேண்டும். அப்போது குருவும் நற்கருணை வாங்குபவர்களும் நடுச்சாமத்தில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆகவே முன்னிரவில் பாவசங்கீர்த்தனம், விடியமுன் பூசை, வெளிச்சம் வரமுன் ஆட்கள் கலைந்துவிட வேண்டும். குரு இல்லாத மற்ற நாட்களில் மூப்பர் செபமாலையும் பிரார்த்தனையும் சொல்லுவார். சாகக் கிடப்பவருக்கு உத்தம மனஸ்தாப மந்திரம் (கடவுள்மேல் உள்ள அன்பினால் பாவத்துக்கு வருந்தும் செபம்) சொல்லிக் கொடுப்பது அவர் கடமை, குருவிடம் சொல்ல வழியில்லாதவனுக்கு அது போதும்.

பழஞ்சுவடி

மலருக்கு ஒரு கவனம். தோம்பில் பெயர் இருப்பதை வைத்து ‘இந்தக் குடும்பம் அப்போது புரட்டஸ்தாந்து’ என்று எழுதவேண்டாம், மேலே சொன்ன காரணத்தால் அது பதிவை மட்டும் காட்டும். முடிவுத் திகதியையும் இரண்டாகப் பிரியுங்கோ. ஒல்லாந்தில் 1796இல் சபையும் அரசும் பிரிக்கப்பட்டன. யாழ்ப்பாணக் கோட்டை 1795 செப்டெம்பரிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போனாலும், கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்கள் 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் நீக்கும்வரை ஏட்டில் இருந்தன. 1795ஐ விடுதலை ஆண்டு என்று போட்டால் பதினொரு வருஷம் பிழைக்கும்.