ஔரங்கசீப்போடு முகலாயர் கதை முடிந்தது என்றால் ஆற்காடு நவாப் எங்கிருந்து வந்தார்?

நீவாக்கரை (சித்தூர்):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம், இப்போது குரூப் தேர்வுக்காக வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். துருக்கியின் உதுமானியர், ஈரானின் சஃபவியர், இங்கே முகலாயர் மூன்று பேரையும் ஒரே பாடத்தில் சேர்த்து, பீரங்கியும் வெடிமருந்தும் கைக்கு வந்ததால் எழுந்தார்கள், 1700ஐ ஒட்டிச் சரிந்தார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

பீரங்கிதான் காரணம் என்றால், 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரத்திடமும் பீரங்கி இருந்ததே? இது ஒன்று. இன்னொன்றுதான் பெரிய குழப்பம். 1707இல் ஔரங்கசீப் இறந்ததும் சரிவு ஆரம்பம் என்கிறார்கள். ஆனால் நம் பக்கம், சித்தூர், வேலூர், ஆற்காடு முழுக்க, முகலாய நிர்வாகம் கால் ஊன்றியதே ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அதற்கு முன் சந்திரகிரி கோல்கொண்டா சுல்தான்களிடம் இருந்தது, வேலூர்க் கோட்டை பிஜப்பூர் சுல்தான்களிடமும் பிறகு மராத்தியரிடமும் இருந்தது. சரிந்துகொண்டிருந்த அரசு இங்கே புதிதாக ஒரு நவாப்பை எப்படி உட்கார வைத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை (குடியாத்தம்):

தம்பி, நல்ல கேள்வி. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் நிலவரி வழியாகவே இதைப் பார்க்கிறேன், பாடப் புத்தகம் தவறவிடுகிற இடமும் அதுதான் என்பது என் கருத்து.

பீரங்கி சண்டையை ஜெயித்துக் கொடுக்கும், நாட்டை வைத்துக்கொள்ள உதவாது. 1514இல் சால்திரானில் உதுமானிய சுல்தான் செலீம் பீரங்கியும் ஜானிசாரி என்ற காலாட்படையும் வைத்து சஃபவிய ஷா இஸ்மாயிலின் கிசில்பாஷ் என்ற இனக்குழுக் குதிரைப் படையை நொறுக்கினார், தலைநகர் தப்ரீஸுக்குள்ளேயே போய்விட்டார். ஆனால் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கப் படை சம்மதிக்கவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று, தோற்ற சஃபவிய அரசு அதற்கப்புறமும் இருநூறு வருஷம் நின்றது. பாபர் 1526இல் பானிபட்டில் ஜெயித்ததும் அப்படித்தான், அவர் மகன் ஹுமாயூன் பதினைந்து வருஷத்துக்குள் நாட்டை இழந்துவிட்டு ஈரான் ஷாவிடம் போய் நின்றார்.

நிலைக்க வைத்தது கணக்கு. எந்த ஊர் எவ்வளவு விளைகிறது, அதில் சர்க்காருக்கு எவ்வளவு, அந்தப் பணத்தில் எத்தனை குதிரை வீரனுக்குச் சம்பளம் என்கிற கணக்கு. உதுமானியரிடம் குதிரை வீரனுக்கு ஊர் வருமானத்தை எழுதிக்கொடுக்கும் திமார் முறை இருந்தது, பக்கத்திலேயே சுல்தானிடம் நேரடியாகச் சம்பளம் வாங்கும் ஜானிசாரிகளும் இருந்தார்கள், ஒருவரை வைத்து இன்னொருவரை அடக்க முடிந்தது. ஈரானில் ஷா அப்பாஸ் கிசில்பாஷ் தலைவர்களின் கொட்டத்தை அடக்க ஜார்ஜியா, ஆர்மீனியா பக்கத்து அடிமை வீரர்களைக் கொண்டு தனிப் படையே கட்டினார், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க மாகாணங்களை அரசின் நேரடி நிலமாக மாற்றினார். இங்கே அக்பருக்கு தோடர்மால் 1580இல் பத்து வருஷ விளைச்சலையும் விலையையும் சராசரி போட்டு வரி நிர்ணயித்துக் கொடுத்தார். மன்சப் என்ற பதவி பெற்ற மன்சப்தாருக்கு ஜாகீர், அதாவது சில ஊர்களின் வரி வருமானம், கிடைக்கும், ஆனால் அது சொந்தமில்லை, சில வருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஜமாபந்தி நடத்துவது பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில்தான், அது அக்பர் காலத்து ஏற்பாட்டின் வழி வந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஔரங்கசீப் பிஜப்பூரை 1686இல், கோல்கொண்டாவை 1687இல் பிடித்தார். ஆனால் செஞ்சியில் மராத்திய அரசர் ராஜாராம் உட்கார்ந்துகொண்டதால் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கி 1698 வரை முற்றுகை போட வேண்டியிருந்தது. இந்த எட்டு வருஷத்தில் தெற்கே ஒரு படையும் அதற்குச் சோறு போட ஒரு வரி வசூல் ஏற்பாடும் நிரந்தரமாக உருவாகிவிட்டன. ஆற்காட்டின் வேர் அதுதான். இன்னொரு பக்கம், தக்காணத்துப் பிரபுக்களை இழுக்க மன்சப்பை அள்ளிக் கொடுத்தார்கள், அவ்வளவு பேருக்கும் கொடுக்க விளைகிற ஜாகீர் இல்லை. காகிதத்தில் இருக்கிற சம்பளம் கைக்கு வராதவன் எவனும் இடமாற்றத்துக்குச் சம்மதிக்க மாட்டான், கிடைத்த இடத்திலேயே வேர் விடுவான்.

அக்பர் ஏற்பாட்டில் படையை வைத்திருப்பவர் வேறு, வரிக் கணக்கு வைத்திருக்கும் திவான் வேறு, இருவரும் தனித்தனியாக மேலே பதில் சொல்ல வேண்டும். ஆற்காட்டில் திவானாக இருந்த சாதத்துல்லா கான் 1710 வாக்கில் படையை வைத்திருக்கும் ஃபௌஜ்தாராகவும் ஆனார். இரண்டு அதிகாரமும் ஒரே கைக்குள் வந்தால் மாகாணம் குடும்பச் சொத்தாகிவிடும், அவருக்குப் பின் சகோதரர் மகன் தோஸ்த் அலி வந்தார் பாருங்கள். வங்காளத்தில் முர்ஷித் குலி கான், ஹைதராபாத்தில் 1724க்குப் பின் நிஜாம், எல்லாம் இதே மாதிரிதான். பாதுஷா பெயரை யாரும் நீக்கவில்லை, பணம்தான் டெல்லிக்குப் போவது குறைந்தது. உதுமானியரும் போர்ச் செலவுக்காக 1695இல் வரி வசூல் உரிமையை ஆயுள் குத்தகைக்கு விட்டார்கள், அதை எடுத்த உள்ளூர்க் குடும்பங்கள் அடுத்த நூற்றாண்டில் மாகாணத்தையே ஆண்டன. டெல்லியில் உட்கார்ந்து பார்த்தால் இது சரிவு. ஆற்காட்டில் உட்கார்ந்து பார்த்தால் தொடக்கம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (பாலக்காடு):

பாலாற்றங்கரை ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் எல்லாமே மாற்றம், எதுவும் விழவில்லை என்று யாரும் படித்துவிடக் கூடாது. சஃபவியர் நிஜமாகவே விழுந்தார்கள். 1722இல் ஆப்கானியர் இஸ்பஹானை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு ஊரைப் பட்டினி போட்டுப் பிடித்தார்கள், ஜனங்கள் ஏராளமாகச் செத்தார்கள். பிறகு அந்த ஆப்கானியரை விரட்டிய நாதிர் ஷா 1736இல் முடிசூடி, 1739இல் டெல்லியையே கொள்ளையடித்தார். அடுத்த வருஷமே உங்கள் சித்தூர் பக்கத்து தாமலசெருவு கணவாயில் மராத்தியர் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். உதவிக்கு வர டெல்லியில் யாரும் இல்லை. குடும்பச் சொத்தாக ஆன நவாப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றும் சொல்கிறேன். பாலக்காட்டுக் கோட்டையை 1766இல் கட்டியது ஹைதர் அலி. அவர் மகன் திப்பு 1786இல் இஸ்தான்புல்லுக்குத் தூதர்களை அனுப்பினார், சுல்தானிடமிருந்து தன் ஆட்சிக்கு அங்கீகாரம் பெறுவது அதன் நோக்கங்களில் ஒன்று. டெல்லி பாதுஷாவின் பெயரை நிஜாமும் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியும் வைத்திருந்தார்கள், திப்புவுக்கு வேறு வாசல் தேவைப்பட்டது. அதிகாரம் போன பிறகும் அந்தப் பெயர்களுக்கு மதிப்பு இருந்தது.

நீவாக்கரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தாமலசெருவு வழியாகத்தான் பஸ்ஸில் போவேன், அங்கே இப்படி ஒரு சண்டை நடந்தது எந்தப் பாடத்திலும் வரவில்லை. இன்னொரு சந்தேகம். முகலாயர் வருவதற்கு முன்னால் கோல்கொண்டா ஆண்ட காலத்தில் ஈரானுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு இருந்ததா?

பாலாற்றங்கரை:

நிறைய. குதுப்ஷாஹி வம்சத்தை நிறுவிய சுல்தான் குலியே ஈரானின் ஹமதான் பக்கத்திலிருந்து வந்தவர். கோல்கொண்டாவின் வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கமான குத்பாவில் சஃபவிய ஷாவின் பெயரை வாசித்து வந்தார்கள், 1636இல் ஷாஜகான் கட்டாயப்படுத்தி அதை எடுக்க வைத்தார்.

நீங்கள் தேட வேண்டிய ஆள் மீர் ஜும்லா. இஸ்பஹானுக்குப் பக்கத்து ஊர்க்காரர், கோல்கொண்டாவுக்கு வந்து வைர வியாபாரத்தில் பெரிய ஆளாகி அமைச்சராகவும் ஆனார். கடப்பா ஜில்லாவின் கண்டிக்கோட்டையை 1650இல் பிடித்ததும் அவர்தான். சுல்தானோடு ஒத்துப்போகாமல் ஷாஜகான் பக்கம் தாவி, கடைசியில் ஔரங்கசீப்புக்காக அஸ்ஸாம் வரை படையெடுத்துப் போய் 1663இல் இறந்தார். கண்டிக்கோட்டை உங்களுக்கு ஒரு நாள் பயணம்தான், உள்ளே ஜாமியா மசூதி, கோயில்கள், தானியக் களஞ்சியம் எல்லாம் நிற்கின்றன, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.