இசை உதவித்தொகைத் தேர்வுக்கு எப்படி ஆயத்தமாவது?

கேள்வி (சேரன்மகாதேவி):
என் மகள் சிறு வயது முதல் வாய்ப்பாட்டு கற்று வருகிறாள். அடுத்த ஆண்டு மதுரை அரசு இசைக் கல்லூரியில் சேர விரும்புகிறாள். உதவித்தொகை ஏதேனும் கிடைக்குமா? தேர்வில் எவற்றைப் பாட வேண்டியிருக்கும்?

மறுமொழி 1 (பாளையங்கோட்டை):
மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை, 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்ற கணக்கில் வழங்கப்படுகிறது. குருவிடம் குறைந்தது ஐந்தாண்டு பயின்றிருக்க வேண்டும் என்பதால், அதற்கான சான்றை ஆசிரியரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், அண்ணாச்சி. கடைசி வாரத்தில் தேடினால் அவர் கச்சேரிக்கு வெளியூர் போயிருப்பார்.

மறுமொழி 2 (அம்பாசமுத்திரம்):
கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் உருப்படியான வர்ணம் ஒன்றை, மெதுவாகவும் இருமடங்கு வேகத்திலும் என இரண்டு காலங்களிலும் தாளம் பிசகாமல் பாடும் பயிற்சியே முதன்மையானது. அதில்தான் சுருதிச் சுத்தமும் லயமும் ஒருசேர வெளிப்படும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுவரத்தைக் கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமைக்காரர்கள் என்ற பெருமையில், கைவராத தோடி ராகத்தை விரிக்கத் தொடங்க வேண்டாம். மோகனமோ கல்யாணியோ போதும். பாதியில் நிறுத்தி, அப்போதே கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் பாடச் சொன்னால் தடுமாறாதபடி, வீட்டிலேயே யாரேனும் அவ்வாறு குறுக்கிட்டுப் பழக்க வேண்டும்.

மறுமொழி 3 (தென்காசி):
தோடி நன்றாக வருமென்றால் தாராளமாகப் பாடட்டும். ஆனால் சுருதிப்பெட்டியை அவளே கொண்டு போகட்டும். தன் குரலுக்கேற்ற சுருதி அளவான கட்டையில் பாடினால்தான் குரல் நிற்கும்.