உதவி: பெகுவில் தலை இல்லாத ஆலயம் எது? அவசரம்

தன்லின் தம்பி
சங்கத்து பொங்கல் மலர்ல வந்த குறுக்கெழுத்து. பெகுவில் தலை இல்லாம நிக்கிற ஆலயம் எதுன்னு கேட்டிருக்காங்க. பர்மாவுல அந்த ஊர்ல இருக்கிற கோயிலையெல்லாம் யோசிச்சுப் பாத்தாச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க. கரண்டு எப்ப வேணா போயிடும்.

மோகிங்கா பிரியன்
எத்தனை கட்டம்? ஏதாவது எழுத்து விழுந்திருக்கா?

தேயிலை சாலட்
பரிசுப் போட்டியா தம்பி? கெடு முடியலேன்னா யாரும் விடை சொல்லக் கூடாது. அத முதல்ல சொல்லுங்க.

பெகு ரயிலடி மாமா
இதுல என்ன யோசனை? சுவேமாடோ பயாதான், அங்க இருக்கிற புத்த ஸ்தூபி. 1917 நிலநடுக்கத்துல அதோட உச்சி உடைஞ்சு விழுந்தது. விழுந்த துண்டு இன்னும் வளாகத்துலயே செங்கல் மலை மாதிரி கிடக்கு, போனா பாக்கலாம். 1930 மே மாசம் வந்த நிலநடுக்கத்துல மொத்தமும் சரிஞ்சது. திரும்பக் கட்டி முடிக்க 1954 ஆச்சு. இப்ப 114 மீட்டர், ரங்கூன் சுவேடகோன் ஸ்தூபியை விட உயரம். அந்த 1917க்குப் பிந்தின காலத்தத்தான் "தலை இல்லாம நிக்கிற"ன்னு கேக்கறாங்க. சுவேமாடோன்னு போடு.

மோகிங்கா பிரியன்
மாமா, இது பொது அறிவுப் போட்டி இல்ல. எழுத்தைக் கலைச்சுப் போட்டிருப்பாங்க. நான் பாத்தவரைக்கும் பத்துக்கு எட்டு அப்படித்தான். "ஆலயம்" எழுத்தைக் கலைச்சுப் பாருங்க தம்பி.

தேயிலை சாலட்
கலைக்கணும்னா "சிதறி", "குழம்பி", "உடைந்து"ன்னு ஒரு சைகை இருக்கணுமே. இதுல எங்க இருக்கு?

மோகிங்கா பிரியன்
தலை இல்லேன்னாலே குழப்பம்தானே அக்கா.

பழைய பேனா
வழக்கம்போல் இங்கே எல்லோரும் குறிப்பைப் பார்க்காமலே விடை தேடுகிறீர்கள். அன்பரே, நீங்கள் தந்திருப்பது குறிப்பா, குறிப்பின் பொழிப்புரையா? இவ்வகைப் புதிரில் ஒரு சொல்லை மாற்றினாலும் புதிர் செத்துவிடும். 1913 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்தில் நேர்ப்பொருள் மட்டுமே உண்டு. வார்த்தைக்குள் விடையை ஒளிக்கும் வித்தையை இங்கிலாந்துக்காரர்கள் பிறகு வளர்த்தார்கள். இதையெல்லாம் முன்பே விளக்கியிருக்கிறேன். தேடிப் படிப்பவர்தான் இல்லை. அச்சில் உள்ளதை எழுத்து பிசகாமல் தட்டச்சு செய்க.

தன்லின் தம்பி
3 கட்டம். கெடு போன வாரமே முடிஞ்சுது, விடைதான் இன்னும் போடல. "கோயில்"னு போட்டு வெச்சிருக்கேன், ஆலயம்னா அதானே. ஆனா எப்படி வருதுன்னு தெரியல. நடுக் கட்டத்த நடுவுல வெட்டிக்கிட்டு மேலிருந்து கீழ் 2 போகுது, அதுல "வெயில்" போட்டேன், யி ரெண்டுலயும் ஒத்துப்போகுது. அதுலயும் பாதி வார்த்தைக்கு அர்த்தம் புரியல.

பெகு ரயிலடி மாமா
3 கட்டம்னா முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. இருந்தாலும் சுவேமாடோ கதை தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

தேயிலை சாலட்
இருங்க. இந்தப் புதிர்ல தலைன்னா முதல் எழுத்து. வால், கால்னா கடைசி எழுத்து. வயிறு, இதயம்னா நடு எழுத்து. "பெகுவில்" தலை போனா "குவில்". குயில் மாதிரி இருக்கே தவிர ஆலயம் இல்ல. ஆனா கோவில்னு ஒரு வார்த்தை பக்கத்துலயே நிக்குது பாருங்க. தம்பி, மலர்ல நிஜமாவே பெகுன்னா போட்டிருக்கு? பகோன்னு இல்லியே?

தன்லின் தம்பி
பகோவில்னுதான் இருக்கு. "பகோவில் தலையின்றி நிற்கும் ஆலயம் (3)". வீட்டுல பெகுன்னு சொல்லித்தான் பழக்கம். ரெண்டும் ஒரே ஊர்தானே.

பழைய பேனா
ஊர் ஒன்று, எழுத்து வேறு! ஐந்து பேர் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ப-கோ-வி-ல், தலையாகிய "ப" நீங்கினால் கோ-வி-ல். "ஆலயம்" நேர்ப்பொருள். "பகோவில்" என்பது ஊரைக் காட்டுவது போல் நடித்துவிட்டு எழுத்துகளை மட்டும் தருகிறது. நேர்ப்பொருள் குறிப்பின் முதலிலோ முடிவிலோதான் நிற்கும், நடுவில் நிற்காது. இந்த ஒன்றை மனத்தில் வைத்தாலே ரயிலடி மாமா 1917 வரை போயிருக்க வேண்டியதில்லை.

பெகு ரயிலடி மாமா
1917 நடந்தது உண்மை. உங்க புதிர்தான் பொய் சொல்லுது.

பழைய பேனா
மேலும், "கோயில்" என்று போட்டதே பிழை. கோ + இல். "இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்" என்பது நன்னூல். ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய்தான் வரும். கோவிலே சரி.

மோகிங்கா பிரியன்
அப்ப திருவாசகத்துல "கோயில் மூத்த திருப்பதிகம்"னு இருக்கே, அதையும் திருத்திடலாமா? சைவர்களுக்குக் கோயில்னாலே சிதம்பரம், வைணவர்களுக்குக் கோயில்னாலே திருவரங்கம். ரெண்டு பக்கமும் யி போட்டே சொல்லிட்டு வந்திருக்காங்க. எங்க பாட்டி ஒரு நாளும் கோவில்னு சொன்னதில்ல.

பழைய பேனா
வழக்கில் இருப்பதை மறுக்கவில்லை. விதியைச் சொன்னேன்.

மோகிங்கா பிரியன்
"பிழை"ன்னு சொன்னீங்க. மேல இருக்கு, படிச்சுப் பாருங்க.

தேயிலை சாலட்
ரெண்டு பேரும் விடுங்க. ஒரு வேடிக்கை பாருங்க, பகோ + இல் பகோவில்னு ஆகுதே, அதுவும் அதே விதியாலதான். அந்த வ் இல்லேன்னா இந்தப் புதிரே கிடையாது. அதனால இங்க கோவில்தான், நன்னூல் ஜெயிச்சதாலயோ பாட்டி தோத்ததாலயோ இல்ல. தம்பி, அந்தக் கீழ் 2ஐ அப்படியே போடுங்க, அப்படியே.

தன்லின் தம்பி
"கதை நடுவே விடியலின் முதல் கீற்று தெரியும் செய்யுள் (3)". விடியலின் முதல் கீற்றுன்னா வெயில்தானே.

தேயிலை சாலட்
அதுதான் வலை. வெயில் விடையா இருந்தா "கதை"யும் "செய்யுள்"ளும் சும்மா நிக்கும். நல்ல குறிப்புல ஒரு வார்த்தைகூட சும்மா நிக்காது. நேர்ப்பொருள் கடைசியில இருக்கிற "செய்யுள்". மீதிய எழுத்தாப் பாருங்க. "விடியல்"னு எழுதினா அதோட முதல் கீற்று "வி". அத "கதை"க்கு நடுவுல சொருகுங்க. க, வி, தை. இப்ப கோவிலோட வி இதுல வந்து உட்காருதா? நீங்க போட்ட ரெண்டு தப்பும் யி-யைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லிக்கிட்டு இருந்தது.

பழைய பேனா
இதில் கட்டம் அமைத்தவர் குற்றமும் உண்டு. இரண்டு மூன்றெழுத்துச் சொற்கள் நடுவில் மட்டும் வெட்டிக்கொண்டு, வேறு எதோடும் ஒட்டாமல் தீவாக நின்றால் தவறு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சொல்லுக்கும் பாதி எழுத்தாவது வேறு சொற்களோடு வெட்ட வேண்டாமா? மலர்க் குழுவில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மோகிங்கா பிரியன்
அதனாலதான் கேக்கல.

தன்லின் தம்பி
கவிதை. கோவில். ரெண்டும் உட்கார்ந்துடுச்சு. நன்றிக்கா. லைட் மினுங்குது, போ

தேயிலை சாலட்
போயிடுச்சு போல. சரி, பகோ கிடைச்ச கையோட நானும் ஒண்ணு எழுதினேன். "யாங்கோன் பாதியில் அரசன் (2)".

மோகிங்கா பிரியன்
கோன்! இதுல கலைக்கவே வேணாம். எழுத்து நாலுல ரெண்டு.

பெகு ரயிலடி மாமா
நாங்க ரங்கூன்னுதான் சொல்லுவோம். ரங்கூன்னா அரசன் எங்கேர்ந்து வருவான்?

மோகிங்கா பிரியன்
ரங்கூன் பாதியில கூன்தான் மாமா கிடைக்கும்.

பெகு ரயிலடி மாமா
கிடைக்கட்டுமே. நானும் எழுதறேன். "ரங்கூன் பாதியில் முதுகு வளைவு (2)". எப்படி?

பழைய பேனா
எந்தப் பாதி? முன்பாதியை எடுத்தால் "ரங்" அல்லவா வரும். "பின்பாதியில்" என்று திருத்துக. மற்றபடி ஏற்கலாம். அக்காவுடையதற்கும் இதே திருத்தம்தான்.