கண்ணாமூச்சி ஆடினோம், ஒரு பாப்பா பயந்துவிட்டாள். விளையாட்டிலிருந்து பாடம் சொல்வது எப்படி?

பிரைமரி மிஸ்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் மே மாதம் பத்து நாள் விபிஎஸ், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. பிரைமரி வகுப்பு என் பொறுப்பு. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் பக்கம் வருவார்கள். போன வருஷம், ஆக்சன் சாங்கும் கதையும் மட்டும் எதற்கு, நாம் சின்ன வயதில் தெருவில் ஆடியதையே ஆடவிட்டு அதிலிருந்து ஒரு சத்தியம் சொல்லலாமே என்று நானாகவே ஆரம்பித்தேன். ரொம்பப் பெருமையாக வேறு இருந்தது.

முதல் நாள் கண்ணாமூச்சி. ஆடி முடித்து எல்லாரையும் உட்கார வைத்து, ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் எடுத்து, ஆதாமும் ஏவாளும் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள், ஆனால் ஆண்டவர் கண்ணுக்கு யாரும் தப்ப முடியாது, நாம் எங்கே ஒளிந்தாலும் அவருக்குத் தெரியும் என்று சொன்னேன். மறுநாள் ஒரு பாப்பாவின் அம்மா வந்து, பிள்ளை ராத்திரி தூங்கவே இல்லை, "ஆண்டவர் என்னைப் பிடிச்சிருவாரா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா என்றார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இரண்டாம் நாள் பாண்டி. கோட்டை மிதிக்காமல் தாண்டுவதுதான் பரிசுத்த வாழ்க்கை என்று ஆரம்பித்தேன், ஒரு பையன் கையைத் தூக்கி "மிஸ், நான் அவுட். அப்ப நான் நரகமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன், ஆனால் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து பழையபடி பாட்டும் கதையும்தான். இந்த வருஷம் மறுபடி செய்யவா, விட்டுவிடவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமர நிழல்:

சிஸ்டர், விட்டுவிடாதீர்கள். நான் சண்டே ஸ்கூலில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள், இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆட்டம் சரி, நீங்கள் நின்ற இடம்தான் தப்பு. ஆண்டவரைத் துரத்திப் பிடிக்கிற ஆளாக்கிவிட்டீர்கள்.

சின்னப் பிள்ளை ஒளிவதைக் கவனித்திருக்கிறீர்களா? கதவுக்குப் பின்னால் நிற்கும், பாதி பாவாடை வெளியே தெரியும், நாம் பக்கத்தில் போனாலே சிரிப்பை அடக்க முடியாமல் கிக்கிக்கென்று சத்தம் வரும். அதற்குக் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதுதான் ஆசை. உண்மையிலேயே யாரும் தேடி வராமல் போனால்தான் அழுகை வரும். எங்கள் வீட்டில் என் கடைசித் தங்கை ஒருநாள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்தாள், நாங்கள் அவளை மறந்து கடைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது அழுதழுது அங்கேயே தூங்கியிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு ஐம்பது வயது, இன்னும் அதைச் சொல்லிச் சண்டை போடுவாள்.

அதே மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் முதலில் கேட்பது "நீ எங்கே இருக்கிறாய்" என்றுதானே? அவருக்குத் தெரியாமலா கேட்கிறார்? அதைப் போலீஸ்காரர் குரலில் வாசிக்காதீர்கள், பொழுது சாய்ந்தும் வீடு வராத பிள்ளையைத் தெருமுனையில் நின்று கூப்பிடுகிற அம்மா குரலில் வாசியுங்கள். அப்புறம் நேராக லூக்கா பதினைந்துக்குப் போய்விடுங்கள். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனவர், விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கி ஒரு வெள்ளிக்காசைத் தேடியவள். ரெண்டு கதையிலும் கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்து சந்தோஷப்படுகிறார்கள், திட்டு இல்லை. யூதர்களிடம்கூட இப்படி ஒரு கதை உண்டு. ஒரு ரபியின் (யூத மதகுருவின்) பேரன் ஒளிந்துகொண்டு ரொம்ப நேரம் காத்திருக்கிறான், கூட ஆடியவன் தேடவே இல்லை. பையன் அழுதுகொண்டு தாத்தாவிடம் ஓட, தாத்தாவும் கண் கலங்கி, கடவுளும் இதைத்தான் சொல்கிறார், நான் ஒளிந்திருக்கிறேன், யாரும் தேடவில்லை என்கிறார்.

அந்தப் பாப்பாவை இந்த வருஷம் தேடுகிற ஆளாகப் போடுங்கள்.

ஒப்புக்குச் சப்பாணி:

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று. மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவன் நான். ஓடத் தெரியாது, பிடிக்கத் தெரியாது, ஆட்டத்தில் சேர்க்காவிட்டால் ஊரைக் கூட்டுவேன். அதனால் "சரி, அவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள். தொட்டாலும் அவுட் இல்லை, என்ன தப்பு செய்தாலும் கணக்கில் வராது. ஆனால் ஆட்டத்தில் நானும் இருக்கிறேன், எங்கள் பக்கம் ஜெயித்தால் எல்லாரோடும் சேர்ந்து நானும் கத்துவேன்.

பத்து வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் 2 சாமுவேல் 9 வாசித்தார்கள். மேவிபோசேத். சவுல் ராஜாவின் பேரன், தாவீதின் உயிர்நண்பன் யோனத்தானின் மகன், ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமாகிப்போனவன். தாவீது ஆளனுப்பித் தேடிக் கூட்டிவந்து தன் பந்தியில் உட்கார வைக்கிறார். அவனால் தாவீதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, யோனத்தானுக்காக மட்டும்தான். அந்த அதிகாரம் முடிகிற விதத்தைப் பாருங்கள்: அவன் ராஜாவின் பந்தியில் நித்தம் சாப்பிட்டான், அவனுக்கு இரண்டு காலும் முடம் என்று. பந்தியில் உட்கார்ந்த பிறகும் கால் சரியாகவில்லை! எனக்கு அந்த இடத்தில் எங்கள் தெரு ஞாபகம் வந்தது. கிருபை என்ற வார்த்தையை அதற்கு முன்பு நூறு பிரசங்கத்தில் கேட்டிருப்பேன், ஆனால் அது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். என்னைச் சேர்த்துக்கொண்டதும் என் அண்ணனுக்காகத்தானே.

மிஸ், அந்தப் பாண்டி பையனுக்கு இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் கவனம், சப்பாணி என்ற வார்த்தையைப் பிள்ளைகள் முன்னால் அப்படியே சொல்லாதீர்கள். கால் முடியாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அதற்கு வலிக்கும். எங்கள் பக்கம் ஒரு சபையில் அப்படி நடந்தது.

சும்மா ஒரு வாசகன்:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லா ஆட்டத்துக்கும் வால் மாதிரி ஒரு வசனத்தை ஏன் ஒட்ட வேண்டும்? பம்பரம் விட்டால் ஒரு பாடம், கோலி அடித்தால் ஒரு பாடம், கடைசியில் பிள்ளைகள் மிஸ் விளையாடக் கூப்பிட்டாலே எங்கேயோ ஒரு பிரசங்கம் ஒளிந்திருக்கிறது என்று உஷாராகிவிடும்.

சகரியா 8:5 பாருங்கள். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த யூத ஜனம், ஆலயம் பாதி கட்டினபடி நிற்கிறது, கி.மு. 520ஐ ஒட்டிய காலம். அந்த இடிபாட்டுக்கு நடுவே ஆண்டவர் கொடுக்கிற வாக்குத்தத்தம் என்ன? கிழவர்களும் கிழவிகளும் கோலூன்றி வீதியில் உட்கார்ந்திருப்பார்கள், விளையாடுகிற ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் வீதிகள் நிறைந்திருக்கும். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை, பயமில்லாமல் தெருவில் விளையாடுவதே ஆசீர்வாதம்.

பழங்காலத் திருச்சபைப் பிதா அகுஸ்தீன், பாவ அறிக்கை என்ற தன் புத்தகத்தில், சின்ன வயதில் பந்து விளையாடியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதை எழுதுகிறார். பெரியவர்களின் விளையாட்டுக்குத் தொழில் என்று பேர், அதையே பிள்ளைகள் செய்தால் அடி என்று கிண்டலும் செய்கிறார். அடித்த வாத்தியாரே இன்னொரு வாத்தியாரிடம் ஒரு சின்ன வாக்குவாதத்தில் தோற்றால், பந்தில் தோற்ற பையனைவிட அதிகமாகப் பொருமுவாராம். அதே மனுஷன் 386ல் மிலானில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் குரல், "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று ராகம்போட்டு வருகிறது. இப்படிச் சொல்லி ஆடுகிற ஆட்டம் ஏதாவது உண்டா என்று யோசிக்கிறார், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. எழுந்துபோய் பவுலின் நிருபத்தை எடுத்து, கண்ணில் பட்ட இடத்தை வாசிக்கிறார், ரோமர் 13. அத்தோடு அவர் வாழ்க்கையே திரும்பிவிட்டது. அந்தப் பிள்ளை யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, அதுபாட்டுக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

அதனால் ஆட விடுங்கள். மேலே சப்பாணி அண்ணனுக்குப் பாடம் வந்ததும் பத்து வருஷம் கழித்துத்தானே? அன்றைக்குத் தெருவிலேயே யாராவது விளக்கியிருந்தால் அவர் மறந்தே போயிருப்பார்.

கோலிக்குண்டு:

எங்கள் தாத்தா ஊழியக்காரர். கோலி ஆடினால் சூது என்று பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவார், தாயக்கட்டை வீட்டுக்குள் நுழையவே கூடாது. இப்போது விளையாட்டிலிருந்து பாடமா! அவர் இருந்தால் என்ன சொல்வாரோ.

என் பங்குக்கு ஒன்று: காய் விடுவது, பழம் விடுவது. காலையில் காய் விட்டவன் சாயங்காலம் பந்து தேவைப்பட்டதும் பழம் விட்டுவிடுவான். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியரில் இருக்கிறதை எங்கள் சபைக் கமிட்டிப் பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகக் கைக்கொள்கிறார்கள். அங்கே எலெக்ஷன் முடிந்து ரெண்டு வருஷம் ஆகியும் இன்னும் காய்தான்.

வேப்பமர நிழல்:

வாசகன் தம்பி சொல்வதை முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அகுஸ்தீன் கையில் ரோமர் நிருபம் இருந்தது, அதை யாரோ முன்னமே அவருக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். வசனம் பிள்ளைக்குள் போயிருந்தால்தானே பத்து வருஷம் கழித்து ஞாபகம் வரும்? நான் செய்தது இதுதான்: காலையில் ஆட்டம், மத்தியானம் கதை, ரெண்டுக்கும் நடுவில் முடிச்சுப் போட மாட்டேன். பிள்ளைகளில் ஒன்று தானாக "மிஸ், இது நாம ஆடுன மாதிரியே இருக்கு" என்று சொல்லும். சில நாள் ஒன்றும் சொல்லாது. பரவாயில்லை, விட்டுவிடுவேன்.

பிரைமரி மிஸ்:

எல்லாருக்கும் நன்றி, அக்கா உங்களுக்கு ரொம்பவே. நேற்று என் மகளோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் மொட்டை மாடியில் கண்ணாமூச்சி ஆடிப் பார்த்தேன். எத்தனை வருஷம் ஆகிறது! தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளிந்து, யாரும் வராமல் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாப்பா ஞாபகம்தான் வந்தது.

முதல் நாள் கண்ணாமூச்சி, மத்தியானம் வெள்ளிக்காசு. அவள்தான் தேடுவாள். இரண்டாம் நாள் பாண்டிக்குப் பதில் ஓடிப்பிடித்து, சின்னவர்கள் எல்லாம் ஒப்புக்கு (அதற்கு வேறு பெயர் யோசிக்க வேண்டும், யோசனை இருந்தால் சொல்லுங்கள்), மத்தியானம் மேவிபோசேத். அந்தப் பையனும் இந்த வருஷம் வருகிறான், அவன் கேட்ட கேள்வியை நானே ஞாபகப்படுத்தப் போகிறேன். மற்ற நாட்களுக்கு வெறும் ஆட்டம் மட்டும். கோடைமழை வந்தால் ஹாலுக்குள்ளே முப்பது பிள்ளைகளை வைத்து ஆட என்ன இருக்கிறது? கொலை கொலையா முந்திரிக்கா தவிர வேறு சொல்லுங்கள், அதில் போன முறை ரெண்டு பேர் முட்டிக்கொண்டார்கள்.