கண் அழுத்தச் சொட்டு மருந்து: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கண்டவை

மருந்துக் கவுண்டர்:
கண் அழுத்தத்தை இறக்கும் லட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்துப் போத்தல் 2.5 மில்லிதான், ஆனால் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொரு சொட்டு என்றால் மாதம் தாண்டும். இரண்டே வாரத்தில் தீர்ந்துபோச்சு என்று வருபவரிடம் “போட்டுக் காட்டுங்க ஐயா” என்றால் போதும். போத்தலை உயரத்தில் பிடித்து நாலு சொட்டு, பாதி கன்னத்தில். கண்ணில் ஒரு சொட்டே முழுசாக நிற்காது, மிச்சம் வழிந்துவிடும். அதிகம் போட்டால் அழுத்தம் அதிகம் இறங்காது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை போட்டால் பலன் குறையவும் கூடும்.

திறக்காத போத்தலை ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜ்) 2 முதல் 8 டிகிரியில் வைக்கணும். ஐஸ் கட்டும் தட்டு ஆகாது. திறந்தது 25 டிகிரிக்குள். தகரக் கூரை லயத்து வீட்டில் மத்தியானம் அது நடக்கிற காரியமா? திறந்ததையும் ஐஸ் பெட்டியிலேயே வையுங்கள். திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். நாலு வாரத்தில் மிச்சமிருந்தாலும் வீசிவிடணும்.

தோட்டத்து மிஸ்ஸி (நர்ஸ்):
எல்லாரும் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. கீழ் இமையை இழுத்து, போத்தல் முனை எங்கும் படாமல் ஒரு சொட்டு விட்டபின், கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தணும். அழுத்தாவிட்டால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் சேரும். தொண்டை கசந்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

டிமோலோல் என்ற இன்னொரு கண் அழுத்தச் சொட்டில் இது விளையாட்டு இல்லை. இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு மூச்சு முட்டும், நாடித்துடிப்பும் குறையும். “கண் மருந்துதானே” என்று இளைப்பு இருப்பதை டாக்டரிடம் சொல்லாமலே வருகிறார்கள். சொல்லியே ஆகணும். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். உடனே போட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

கண் பிரிவு ஊழியர்:
வலியும் இல்லை, பார்வையும் தெளியவில்லை, எதுக்கு இது என்று நிறுத்துகிறவர்களே அதிகம். போன பார்வையை எந்தச் சொட்டும் மீட்காது; கண் அழுத்தம் கெடுத்துவிடாமல், இருக்கிற பார்வை நரம்பைக் காக்கத்தான் மருந்து. இன்னொரு கூட்டம், கிளினிக் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போடும். அன்று அழுத்தம் நன்றாகவே காட்டும், பார்வைப் பரப்புச் சோதனை மட்டும் மோசமாகும். மருந்து போதவில்லை என்று டாக்டர் இன்னொன்று சேர்ப்பார். விட்ட நாளைச் சொல்லிவிடுங்கள், யாரும் அடிக்கப் போவதில்லை. ஒரு வேளை விட்டால் மறுநாள் இரட்டிப்பாகவும் போடாதீர்கள்.

மருந்துக் கவுண்டர்:
செம்பனைத் தூசி விழுந்து கண் சிவந்தால், பக்கத்து வீட்டில் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த மிச்சச் சொட்டை வாங்கிப் போடுவது இன்னும் ஓயவில்லை. பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். சிலருக்கு அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

தோட்டத்து மிஸ்ஸி:
கை நடுங்கும் பாட்டிமாருக்கு: மல்லாந்து படுத்து, போத்தல் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டு விடச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மருந்து சில்லென்று இருப்பதால் விழுந்ததா இல்லையா என்று அவர்களுக்கே தெரியும்.