லஃப்வுட் பாப்டிஸ்ட் கூடம்: தரைப்படத்தில் தொட்டியை எங்கே காட்டுவது?

வரைபலகை:
இங்கிலாந்தின் டெவன்ல, டால்வுட் கிராமத்துப் பக்கம் இருக்கிற லஃப்வுட் கூடத்துக்குத் தரைப்படம் போடணும். பாப்டிஸ்ட்கள், அதாவது ஆளைத் தண்ணில முழுசா அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுக்கிற கிறிஸ்தவங்க, வழிபடக் கட்டின கூடம் இது. வைக்கோல் வேய்ந்த கூரை, கல் சுவர், முட்டுச்சுவர். ஜன்னல் வளைவை விட்டா பண்ணைவீடுன்னுதான் நினைப்பாங்க. கோபுரம், பலிபீடம் ஏன் இல்லை? ஞானஸ்நானத் தொட்டி எங்கே? இந்தச் சுவர்ல சிமெண்ட் படக்கூடாதுங்கிறாங்களே, ஏன்?

மூலைமட்டம்:
கோபுரம் வைத்தால் மாட்டிக்கொள்வார்கள், அதுதான் காரணம். சபை கூடத் தொடங்கியது 1653இல். 1664 சட்டப்படி, அரசின் இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்கள் வழிபாட்டுக்குக் கூடினாலே குற்றம். 1689இல்தான் தனியாகக் கூடி வழிபடச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அதனால்தான் மரங்களுக்கு நடுவே, மலைச்சரிவில் ஒதுங்கி நிற்கிறது. உள்ளே இருக்கும் மரவேலை 18ஆம் நூற்றாண்டு. சபை தொடங்கிய காலத்தையும் மரவேலையின் காலத்தையும் ஒன்றென்று குறித்துவிடாதீர்கள்.

பலிபீடம் இல்லாதது கொள்கை. நடுநாயகம் பிரசங்கம்தான், அதனால் பிரசங்க மேடை உயரத்தில். கீழே கதவு வைத்த பெட்டி இருக்கைகள், வார்னிஷ் பூசாத பைன் மரம். பின்கோடியில் இசைக்காரர் மாடம், அதன் கீழே இரண்டு சிறு அறைகள். தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்கள் தங்கி இளைப்பாற.

நீர்மட்டம்:
தொட்டி பிரசங்க மேடைக்கு முன்னால், தரைப்பலகைக்கு அடியில். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தரைப்படத்தில் புள்ளிக்கோடு, வெட்டுப்படத்தில் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதுபோல் வரைவது) முழுக்கோடு. வெட்டுப்படம் இல்லாமல் இந்தக் கட்டடத்தைக் காட்டவே முடியாது.

ஆளை முழுதாக அமிழ்த்த வேண்டும் என்பதால் இந்த வகைத் தொட்டி சின்னதாக இருக்காது. உதாரணத்துக்கு 2.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 3,300 லிட்டர், அதாவது 3.3 டன். (இது லஃப்வுட்டின் அளவு அல்ல, கணக்குக்குச் சொன்னது.) பழைய தொட்டிகளில் கெடுவது தொட்டியைவிட மேலே மூடுகிற பலகையும் அதைத் தாங்கும் சட்டமும்தான். அடியில் ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் சட்டத்தின் முனை, சுவருக்குள் நுழைகிற இடத்தில், முதலில் உளுத்துப்போகும். மேலே பலகை நன்றாகத்தான் தெரியும். கம்பியால் அந்த முனையைக் குத்திப் பார்த்தால்தான் விஷயம் வெளிப்படும்.

சுண்ணக்கரண்டி:
சிமெண்ட் கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட கல் சுவர் நனையும், பிறகு காயும். காய்வது பெரும்பாலும் கல்லுக்கு இடைப்பட்ட சுண்ணாம்புச் சாந்து வழியாக. சிமெண்டை இடுக்கில் அடைத்தால் அந்த வழி மூடி, ஈரம் கல்லுக்குள் போகும். பனிக்காலத்தில் உறைந்து கல்முகம் செதிலாக உதிரும். சிமெண்ட் மட்டும் அப்படியே நிற்கும், அதைப் பார்த்து “நல்லா பிடிச்சிருக்கு” என்பார்கள்!

பழுது பார்க்க: இடுக்கைக் குறைந்தது 25 மி.மீ. ஆழம் தோண்டு. அகலமான இடுக்கென்றால் அகலத்தைப்போல் இருமடங்கு. அரவை இயந்திரம் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். தூசியைத் துடைத்து, கல்லை நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கூர்மையான மணல் (முனை மழுங்காத, சொரசொரப்பான மணல்). சுண்ணாம்பு வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும். ஈரச் சாக்கு போர்த்தி பல நாள் காக்கணும். 5 டிகிரிக்குக் கீழே போகுமென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

வரைபலகை:
நன்றி சார். கூரை விளிம்புல மழைநீர்க் குழாய் காணோமே, வரையாம விட்டுடலாமா?

சுண்ணக்கரண்டி:
விட்டுடுங்க தம்பி. வைக்கோல் கூரைக்கு வழக்கமாக நீர்க்குழாய் போடுவதில்லை, நீண்ட விளிம்பே தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி விழவைக்கும். ஆனால் விழுந்த நீர் தெறித்து சுவரடியை நனைக்கும். வெளித்தரைச் சரிவைக் கூடத்திலிருந்து விலகிப்போகும்படி காட்டுங்கள். மேட்டுப்பக்கச் சுவரில் மண் ஏறியிருந்தால் அதையும்.