இ20 பெட்ரோலோட மூணு வாரம் நின்ன வள்ளம்: ரேஸ் குடுத்தா இஞ்சின் அமுங்குது

வள்ளக்காரன் (தூத்துக்குடி):
அண்ணாச்சிமாரே, உதவி வேணும். 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இஞ்சின், ஃபைபர் வள்ளம். புயல், மழைன்னு மூணு வாரம் கடலுக்குப் போகல. 25 லிட்டர் கேன்ல பாதி பெட்ரோல் வள்ளத்துலயே கெடந்துச்சு, பிஸ்டன் தேயாம இருக்க ஊத்துற டூ-டி (2T) ஆயில் கலந்ததுதான். நேத்து ரெண்டே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்ச தூரம் போனதும் ரேஸ் குடுத்தா அமுங்கி நின்னுடுது. பிளக் மாத்தியாச்சு, மாற்றமில்ல. கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினா அடியில வெளிறின தண்ணி மாதிரி. பங்க்ல தண்ணி கலந்து குடுத்துட்டானா?

கரைவலை:
கேனை நல்லாக் குலுக்கிட்டு ஓட்டும். எல்லாம் சரியாப் போகும்.

பழைய மெக்கானிக்:
குலுக்கி ஓட்டிராதீய தம்பி, பிஸ்டன் ஜாம் ஆயிரும். இ20-ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். அது தண்ணியைத் தன்னோட இழுத்து வச்சுக்கும். பத்துல ஒரு பங்கு எத்தனால் இருக்கற இ10-ல அரை சதவீதம் தண்ணி சேந்தாலே போதும், எத்தனாலும் தண்ணியும் ஒண்ணாப் பிரிஞ்சு அடியில எறங்கிரும். இ20 அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். ராத்திரி குளிர்ந்தா தாங்குற அளவு இன்னும் கொறையும். டூ-டி ஆயில் மேல பெட்ரோலோடயே நின்னுக்கும். உறிஞ்சு குழாய் இருக்கறது கேன் அடியில. அப்ப இஞ்சினுக்குப் போறது ஆயிலே இல்லாத சரக்கு. மொதல்ல ஸ்டார்ட் ஆனது ஓஸ்லயும் கிண்ணத்துலயும் மிச்சமிருந்த நல்ல பெட்ரோல்ல.

கேன் அடியில இருந்து ஒரு கண்ணாடிப் பாட்டில்ல பிடிச்சு ராத்திரி முழுக்க அசைக்காம வையுங்க. ரெண்டு அடுக்கு தெரிஞ்சா நான் சொன்னதுதான்.

கரைவலை:
எங்க கிருசின் (மண்ணெண்ணெய்) இஞ்சினுக்கு இந்த வம்பே இல்ல.

பழைய மெக்கானிக்:
அதையும் பெட்ரோல்லதானய்யா கிளப்புறீரு!

வள்ளக்காரன்:
பாட்டில்ல பாத்தேன் அண்ணாச்சி. மேல ஆயில் நிறம், அடியில ரெண்டு விரக்கடை வெளிறின தண்ணி. ஏதாவது மருந்து ஊத்தித் திரும்பச் சேக்க முடியுமா?

பழைய மெக்கானிக்:
பிரிஞ்சதை எந்த மருந்தும் சேக்காது. மேல நிக்கறதை மட்டும் எடுத்து ஓட்டலாம்னும் நெனைக்காதீய, எத்தனால் எறங்கினதும் அதோட ஆக்டேன், அதான் இஞ்சின்ல தட்டாம எரியுற தரம், கொறைஞ்சு போச்சு. முழுசா வடிச்சிருங்க, கடல்லயோ மணல்லயோ ஊத்த வேண்டாம். கார்பரேட்டரைக் கழுவி, பெட்ரோல் போற சின்ன ஓட்டையில, அதான் ஜெட்ல, காத்து அடிங்க. கையால அமுக்குற ரப்பர் பல்பையும் ஓஸையும் பாருங்க, பழைய ரப்பரை எத்தனால் ஊத வச்சிரும். தண்ணி பிரிக்கிற 10 மைக்ரான் ஃபில்டர் ஒண்ணு மாட்டுங்க. ஆனா பிரிஞ்ச பெட்ரோலை அது காப்பாத்தாது.

பங்க்காரன் மேல பழி போட அவசரப்பட வேண்டாம். மூணு வாரத்துல காத்து ஈரம் மட்டும் இவ்வளவு தண்ணி சேக்காது. கேன் மூடியைப் பாத்தீயளா?

வள்ளக்காரன்:
இப்பத்தான் பாத்தேன். வாஷர் வெடிச்சிருக்கு, காத்துத் திருகும் தொறந்தே கெடந்திருக்கு. மூணு வாரமும் மழையில நனைஞ்ச கேன். தம்பிகிட்ட மூடச் சொல்லிட்டுத்தான் போனேன்...

கரைவலை:
தம்பியை வடிச்சு விடும் மொதல்ல.